ஓரெழுத்துப் பங்குக் குறியீடுகள்: மரியாதையா, அவசரமா?

மடிப்பாக்கம் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகள் அமெரிக்கப் பங்குகளின் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்ட கேள்வி ஒன்றுக்கு என்னால் ஒழுங்காக விடை சொல்ல முடியவில்லை. ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் குறியீடு 'டி' என்ற ஒரே எழுத்து. ஃபோர்டுக்கு 'எஃப்', விசாவுக்கு 'வி'. அவ்வளவு பெரிய ஆப்பிள் நிறுவனத்துக்கு மட்டும் 'ஏ.ஏ.பி.எல்.' என்று நான்கு எழுத்துகள் எதற்கு என்றாள்.

பழம்பெரும் நிறுவனங்களுக்கு மரியாதை செய்யும் விதமாக ஓரெழுத்து கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: விசாவின் பங்குகள் சந்தைக்கு வந்ததே 2008இல், ஆப்பிள் 1980லேயே வந்துவிட்டது. பிள்ளைக்குத் தவறாகச் சொல்லிவிட்டோமே என்று மனம் உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோவை முதலீட்டாளர்:

நீங்கள் சொன்னது தவறில்லை ஐயா. ஓரெழுத்து என்பது மரியாதைதான். 1901இல் உருவான யு.எஸ். ஸ்டீல் நூறு கோடி டாலருக்கு மேல் மூலதனம் கொண்ட முதல் நிறுவனம். அதற்கு 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்து இருந்தது. நியூயார்க் பங்குச் சந்தை 'ஐ' என்ற எழுத்தையும் 'எம்' என்ற எழுத்தையும் பல ஆண்டுகள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் ஒரு நாள் நாஸ்டாக் என்ற மற்றோர் அமெரிக்கப் பங்குச் சந்தையை விட்டுத் தன்னிடம் வரும் என்ற எதிர்பார்ப்புதான் காரணம். மரியாதை இல்லாத ஒன்றைப் பொத்தி வைத்துக் காத்திருப்பார்களா? பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சிடும் டிக்கர் கருவியை எடிசன் கண்டுபிடித்த நாளிலிருந்தே பெரிய நிறுவனங்களுக்குச் சிறிய குறியீடு என்பது வழக்கம்.

நாடா சேகரிப்பவர்:

கோவை நண்பர் சொல்லும் 'ஐ', 'எம்' செய்தி உண்மை. ஆனால் அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்த மனநிலை. அதைத் தொடக்கக் காலத்தின் மேல் ஏற்றிப் பார்த்தால் குறியீடு பிறந்த காரணமே மறைந்துவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். டிக்கர் கருவியைக் கண்டுபிடித்தவர் எடிசன் அல்லர். அமெரிக்கன் டெலிகிராஃப் நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்டு கலஹான் 1867இல் அதை உருவாக்கினார். அதற்கு முன் நியூயார்க்கில் விலை பரவிய விதம் வேறு. சந்தைக்குள் ஒரு பங்கு கைமாறியதும், அந்த விலையைத் தாளில் குறித்துக்கொண்டு பையன்கள் தரகர் அலுவலகங்களுக்கு ஓடுவார்கள். அருகில் அலுவலகம் வைத்திருந்தவருக்கு விலை முதலில் தெரியும்; இரண்டு தெரு தள்ளி இருந்தவருக்கு அது பழைய செய்தி. இந்த ஓட்டத்தை நேரில் கண்ட கலஹான், தந்திக் கம்பியின் மறுமுனையில் விலை தானாகவே அச்சாகும்படி செய்தால் என்ன என்று யோசித்தார். கருவியில் இரண்டு அச்சுச் சக்கரங்கள் இருந்தன: ஒன்றில் எழுத்துகள், மற்றொன்றில் எண்கள். முக்கால் அங்குல அகலக் காகித நாடா சக்கரங்களுக்கு அடியில் நகரும். எழுத்துகள் மேல் வரியிலும் விலை கீழ் வரியிலும் விழும். அச்சடிக்கும்போது எழுந்த 'டிக் டிக்' ஓசைதான் கருவிக்குப் பெயரானது.

எடிசனின் பங்கு அடுத்து வருகிறது. கம்பியின் அந்த முனையில் எத்தனையோ அலுவலகங்களில் கருவிகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றின் சக்கரம் ஒரு பல் தவறினாலும் போதும், அதன் பிறகு விழுவதெல்லாம் பொருளற்ற எழுத்துகள்தாம். யாராவது நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டும். எல்லாக் கருவிகளையும் தலைமை நிலையத்திலிருந்தே ஒருங்கே தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் அமைப்பை எடிசன் செம்மைப்படுத்தினார். அவருடைய மேம்பாடுகளுக்காக கோல்டு அண்டு ஸ்டாக் டெலிகிராஃப் நிறுவனத்தின் தலைவர் மார்ஷல் லெஃபர்ட்ஸ் 40,000 டாலர் கொடுத்ததாகவும், தாம் 5,000 கேட்கலாமா, 3,000 கிடைத்தால் போதுமா என்று தயங்கியதாகவும் எடிசனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சக்கரம் ஓர் எழுத்தை அச்சிட வேண்டுமானால், அந்த எழுத்து அடியில் வரும்வரை சுழல வேண்டும். தொடக்கக் காலக் கருவிகள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஓர் எழுத்தைத்தான் அச்சிட்டன. நிறுவனத்தின் முழுப் பெயரையும் அடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பெயர் முடிவதற்குள் விலை மாறிவிடும். ஆகவே தந்தி இயக்குபவர்கள் பெயரைச் சுருக்கினார்கள். எந்தப் பெயரை அதிகம் சுருக்கினால் அதிக நேரம் மிஞ்சும்? ஒரு நாளில் அதிகமுறை அடிக்க வேண்டிய பெயரைத்தான். ஓரெழுத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அடிக்கடி கைமாறிய பங்குக்குக் குறுகிய பெயர். எப்போதாவது கைமாறும் பங்குக்கு நீண்ட பெயர். நிறுவனத்தின் வயதும் கண்ணியமும் இந்தக் கணக்கில் நுழையவே இல்லை.

தந்தி ஊழியர் மகள்:

நாடா ஐயாவின் விளக்கத்தைப் படித்தபோது என் அப்பாவின் அலுவலகம் கண்முன் வந்தது. அவர் தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததால், ஜன்னலுக்கு அப்பால் நிற்பவர் துக்கச் செய்தி கொண்டுவந்தாலும் அப்பா அவரோடு உட்கார்ந்து சொற்களைக் குறைத்துக் கொடுப்பார். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்பதற்குமேல் ஒரு சொல் இருக்காது. அந்த நான்கு சொற்களிலேயே ஒரு குடும்பம் பெட்டியைக் கட்டிவிடும்.

ரயில் நிலையங்களுக்கு இன்றும் பயன்படும் குறியீடுகளும் தந்திக்காகப் பிறந்தவைதாம். ஈரோட்டுக்கு 'ஈ.டி.', சேலத்துக்கு 'எஸ்.ஏ.', விழுப்புரத்துக்கு 'வி.எம்.', தஞ்சாவூருக்கு 'டி.ஜே.'. இவற்றை நாம் இன்று பயணச்சீட்டில் பார்க்கிறோம். அப்பாவின் தலைமுறையினர் காதால் கேட்டவர்கள். மோர்ஸ் ஒலியில் 'ஈ' என்பது ஒரே ஒரு புள்ளி. விரல் ஒருமுறை தட்டினால் முடிந்தது.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. சுருக்கியவர்கள் தந்திக்காரர்கள் என்றால், ஆளுக்கு ஒரு விதமாகச் சுருக்கியிருக்க மாட்டார்களா? நாடாவைப் படிப்பவருக்குக் குழப்பம் வராதா?

நாடா சேகரிப்பவர்:

மிகச் சரியான கேள்வி அம்மா. தொடக்கத்தில் நாடாவைப் படித்தவர்கள் சிறிய வட்டம், பங்குகளும் குறைவு. நிதிச் செய்தியாளர் சார்லஸ் டவ் 1884இல் முதன்முதலாகப் பங்கு விலைகளின் சராசரியைக் கணக்கிட்டபோது எடுத்துக்கொண்ட பங்குகள் 11தான். அவற்றில் 9 ரயில்வே நிறுவனங்கள். தினமும் அதே பெயர்களைப் பார்க்கும் தரகருக்கு அரைகுறைச் சுருக்கமே போதுமானதாக இருந்தது. தொழில் நிறுவனங்கள் பெருகியபோதுதான் ஒரு குறியீடு ஒரே நிறுவனத்தைத்தான் குறிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தவிர்க்க முடியாததாகி, பங்குச் சந்தையே பெயர் சூட்டும் பொறுப்பை ஏற்றது.

நேரத்தின் அருமை எவ்வளவு என்பதற்கு, அமெரிக்கப் பங்கு விலைகள் சரிந்த 1929 அக்டோபர் 24 சான்று. அன்று நியூயார்க்கில் ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறின. சந்தை பிற்பகல் 3 மணிக்கு மூடப்பட்டது. நாடா அந்த நாளின் கடைசி விலையை அச்சிட்டு முடித்தபோது இரவு 7 மணி தாண்டியிருந்தது. வேறு ஊர்களில் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் பங்கின் விலை என்னவென்றே மணிக்கணக்கில் தெரியவில்லை. தெரியாததால் வந்த அச்சத்தில் இன்னும் விற்றார்கள். அந்த விற்பனையும் நாடாவில் வரிசையில் போய் நின்றது. நிமிடத்துக்கு 500 எழுத்துகள் அச்சிடும் புதிய கருவி 1930இல் வந்தது. நாடா பின்தங்கும் நாட்களில் விலையின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டுக் கடைசி இலக்கத்தை மட்டும் அச்சிடும் வழக்கமும் இருந்தது. ஓர் இலக்கத்தைக்கூட மிச்சப்படுத்தியவர்கள், பெயரில் மூன்று எழுத்துகளை மரியாதைக்காக வீணாக்குவார்களா?

கோவை முதலீட்டாளர்:

எடிசனைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன் ஐயா, நன்றி. தொடக்கம் அவசரத்தில்தான் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஃபோர்டு 1956இல்தான் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. அப்போது கருவி வேகமாக இருந்தது. ஆனாலும் 'எஃப்' கொடுத்தார்கள். அப்படியானால் அவசரம் எப்போது மரியாதையாக மாறியது என்பதையாவது நாம் பேச வேண்டும்.

நாடா சேகரிப்பவர்:

நியாயமான மறுப்பு. ஃபோர்டின் பங்கு மிக அதிகமாகக் கைமாறும் என்பது முதல் நாளிலேயே எல்லோரும் அறிந்தது. ஆகவே பழைய கணக்குப்படியும் அதற்கு ஓரெழுத்து பொருந்தும். ஆனால் கருவிகளின் வேகம் கூடிக்கூடி, 1960களில் கணினி வந்து, காகித நாடா மறைந்து, விலைகள் திரையில் ஓடத் தொடங்கிய பிறகு, ஓரெழுத்துக்கு எந்த இயந்திரத் தேவையும் இல்லை. தேவை போன பின்னும் எழுத்துகள் 26தான் என்ற உண்மை மிஞ்சியது. குறைவாக இருப்பதற்குத் தானாகவே மதிப்பு வருகிறது. நீங்கள் சொல்லும் மரியாதை அப்போது பிறந்ததுதான்.

அந்த மரியாதையும் நிலையானதில்லை. 'சி' பல பத்தாண்டுகள் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் எழுத்து. 1998இல் அது டைம்லரோடு இணைந்த பிறகு சிட்டிகுரூப்புக்குப் போனது. 'எஸ்' சியர்ஸ் கடைகளிடமிருந்து ஸ்பிரின்ட் தொலைபேசி நிறுவனத்துக்கும், பிறகு சென்டினல்ஒன் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் கைமாறியது. நீங்கள் குறிப்பிட்ட 'எம்' 2007இல் மேசிஸ் கடைகளுக்குக் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் வரவே இல்லை. யு.எஸ். ஸ்டீலை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் 2025 ஜூன் மாதத்தில் வாங்கி முடித்தபோது 'எக்ஸ்' நாடாவிலிருந்து இறங்கியது. பழைய நாடாத் துண்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் எனக்கு அன்று உள்ளபடியே வருத்தமாக இருந்தது.

ஒசூர் நிரலாளர்:

ஆப்பிளைப் பற்றி இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். நாஸ்டாக் 1971இல் தொடங்கியபோதே மின்னணு முறையில் தொடங்கியது. அதற்கென்று காகித நாடா இருந்ததில்லை. நியூயார்க்கின் பட்டியல் ஒன்று முதல் மூன்று எழுத்துகளை எடுத்துக்கொண்டிருந்ததால், நாஸ்டாக் நான்கெழுத்துக் குறியீடுகளைப் பயன்படுத்தியது. ஆப்பிள் 1980இல் அங்கேதான் பட்டியலிடப்பட்டது. ஆகவே ஆப்பிளின் நான்கு எழுத்துகள் அதன் அளவைக் காட்டவில்லை. அது எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்பதைத்தான் காட்டுகின்றன. இந்த வேலி பின்னர் தளர்ந்துவிட்டது. இன்று ஸில்லோ நிறுவனத்தின் ஒரு வகைப் பங்கு நாஸ்டாக்கில் 'இஸட்' என்ற ஒற்றை எழுத்தில் இருக்கிறது.

கிழக்கே போனால் எழுத்தே இல்லை. டோக்கியோவில் டொயோட்டாவின் குறியீடு 7203, சோனியுடையது 6758. அந்த எண்கள் தொழில்வாரியாக அடுக்கப்பட்டவை. 7000 வரிசையில் வாகனத் தொழில் நிறுவனங்கள் அதிகம். ஹாங்காங்கில் டென்சென்ட் 700, அலிபாபா 9988. சீன மொழியினருக்கு எட்டு என்ற எண் செல்வத்தோடு சேர்ந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள்.

இரண்டாம் கடற்கரைச் சாலை:

சென்னைப் பங்குச் சந்தை இயங்கிய காலத்தில் ஒரு தரகரிடம் எழுத்தராக இருந்தவன் நான். நம் நாட்டில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த இழை முழுமை பெறாது என்று தோன்றுகிறது.

கூவி விற்ற காலத்தில் எங்களுக்குக் குறியீடு கிடையாது. வாய்க்கு எளிதான பெயர்தான் இருந்தது. டாடா இன்ஜினியரிங் அண்டு லோகோமோட்டிவ் கம்பெனி என்று முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் வேறு ஒருவரிடம் வாங்கிவிடுவார். 'டெல்கோ' என்போம். டாடா இரும்பு எஃகு நிறுவனம் 'டிஸ்கோ'. நியூயார்க்கில் விரலுக்கு வந்த அவசரம் எங்களுக்கு நாவுக்கு வந்தது, அவ்வளவுதான். தேசியப் பங்குச் சந்தை 1994இல் திரை வழி வணிகத்தைத் தொடங்கியபோது 'டெல்கோ' அப்படியே குறியீடாகவும் திரையேறியது. நிறுவனம் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டபோதுதான் அந்தக் குறியீடும் மறைந்தது.

திரையில் வந்த மற்றக் குறியீடுகள் பத்து எழுத்துக்குள் அடங்க வேண்டியவை. இந்துஸ்தான் யுனிலீவரின் குறியீட்டை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: 'யுனிலீவர்' என்பதிலிருந்து இரண்டு உயிரெழுத்துகளைப் பிடுங்கி, 'இந்துஸ்தான்' என்பதைப் பாதியில் வெட்டி, சரியாகப் பத்தில் நிறுத்தியிருப்பார்கள். இன்ஃபோசிஸ் தொடக்கத்தில் பத்து எழுத்துகளோடுதான் இருந்தது. அது 1999இல் நாஸ்டாக்கில் சேர்ந்தபோது பெற்ற 'ஐ.என்.எஃப்.ஒய்.' என்ற நான்கெழுத்தை 2011இல் இங்கும் ஏற்றுக்கொண்டது. மும்பைப் பங்குச் சந்தையோ ஆறு இலக்க எண்களைத் தேர்ந்தது: ரிலையன்ஸ் 500325, டி.சி.எஸ். 532540. வயதான வாடிக்கையாளர் சிலர் இன்றும் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லித்தான் விலை கேட்பார்கள்.

மடிப்பாக்கம் வாசகர்:

இத்தனை விளக்கம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் என் நன்றி.

எழுத்தர் ஐயா எழுதியதைப் படித்ததும் என் அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களின் குறியீடுகளில் முதல் ஆறு எழுத்துகள் ஒன்றாக இருந்ததால், பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டு, நான் நினைத்திராத பங்கை வாங்கிவிட்டேன். மாலையில் ஒப்பந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நட்டத்துக்குத்தான் விற்றேன். பிழை என்னுடையதுதான். ஆனாலும், இப்படி வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று அறிய ஆவல்.

ஒசூர் நிரலாளர்:

நடந்திருக்கிறது, அதுவும் பெரிய அளவில். டிவிட்டர் பங்கு வெளியிடப் போகிறது என்ற செய்தி 2013 அக்டோபரில் பரவியபோது, ஏற்கெனவே திவாலான டிவீட்டர் என்ற ஒலிக்கருவிக் கடை நிறுவனத்தின் பங்கு விலை பல மடங்கு ஏறியது. அதன் குறியீடு டிவிட்டருடையதைப் போலவே இருந்து, கடைசியில் திவாலைக் காட்டும் 'கியூ' மட்டும் கூடுதலாக நின்றது. அந்தப் பங்கின் வணிகத்தை நிறுத்தி, குறியீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் காணொளிக் கூட்டம் நடத்தும் ஸூம் நிறுவனத்தின் பங்கை வாங்க வந்தவர்கள், அதற்குத் தொடர்பே இல்லாத ஸூம் டெக்னாலஜிஸ் என்ற சிறு நிறுவனத்தின் பங்கை வாங்கினார்கள். 'ஸூம்' என்ற நான்கெழுத்து அந்தச் சிறு நிறுவனத்திடம் இருந்தது. உண்மையான நிறுவனத்திடம் இருந்தது 'இஸட்.எம்.' மட்டுமே. 2020 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பங்கு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு அந்தப் பங்கின் வணிகத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது.

தந்தி ஊழியர் மகள்:

நாடா ஐயா, உங்களிடம் உள்ள பழைய நாடாவை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். படிக்கத் தெரியாமல் இவ்வளவு பேசுவது எனக்குக் குறையாகப் படுகிறது.

நாடா சேகரிப்பவர்:

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன் அம்மா. மேல் வரியில் குறியீடு. கீழ் வரியில் அளவும் விலையும். நூறு பங்கு கைமாறியிருந்தால் அளவை அச்சிட மாட்டார்கள், விலை மட்டும் இருக்கும். இருநூறு என்றால் '2எஸ்', ஐந்நூறு என்றால் '5எஸ்'. இரண்டு சுழிகளையும் விட்டுவிடுவார்கள். விலை டாலரில் எட்டில் ஒரு பங்காகப் பிரியும். நியூயார்க் முழுவதும் தசம எண்ணுக்கு மாறியது 2001இல்தான்.

பயிற்சிக்காக நானே ஒரு துண்டு எழுதுகிறேன். ஆண்டு 1965 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரி: எஃப், டி, சி. அவற்றுக்கு நேர் கீழே: 3எஸ் 54¼, 67⅜, 2எஸ் 51½. மடிப்பாக்கம் ஐயாவின் மகள் முயன்று பார்க்கட்டும்.

மடிப்பாக்கம் வாசகர்:

மகள் அருகில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: ஃபோர்டு 300 பங்குகள், ஐம்பத்து நான்கே கால் டாலர் விலையில், ஏ.டி. அண்டு டி. 100 பங்குகள், அளவு அச்சிடப்படாததால். சிட்டிகுரூப் 200 பங்குகள், ஐம்பத்தொன்றரை டாலர் விலையில்.

நாடா சேகரிப்பவர்:

முதல் இரண்டும் முற்றிலும் சரி. மூன்றாவதில் ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. அது கிரைஸ்லர்.